இறக்கத்தில் நின்றுவிடும் பசு

கேள்வி: ஏற்காடு மலைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் தரகர் மூலம் சந்தையில் கலப்பின ஜெர்சிப் பசு வாங்கினோம். அங்கே சாதுவாக நின்றது. இப்போது பால் பாதியாகிவிட்டது. மேட்டில் ஏறிவிடுகிறது; இறங்கும்போது நின்று முனகுகிறது, கண்ணில் நீர் வழிகிறது. கன்றை நினைத்து ஏங்குவதாகவும், மூவாயிரம் கொடுத்தால் வேறு மாடு தருவதாகவும் தரகர் சொல்கிறார். மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. இந்த மாட்டை இன்னொருவர் தலையில் கட்டுவார். உங்களுக்கும் அதேபோல் ஒன்று வந்து சேரும்.

கன்றைப் பிரிந்த பசு தலையைத் தூக்கி, காதை விறைத்து, ஊரே கேட்கக் கத்தும். சில நாளில் அடங்கிவிடும். மூன்று வாரம் கழித்து இறக்கத்தில் மட்டும் வருகிற ஏக்கம் எந்தப் பசுவுக்கும் கிடையாது. கண்ணீரைக் கணக்கில் எடுக்காதீர்கள், தூசிக்கும் ஈக்கும்கூட வழியும்.

மாடு வலியை வாய்விட்டுச் சொல்லாது, உடம்பில்தான் காட்டும். முதுகு வில்லாக வளைந்திருக்கிறதா? முன்னங்கால் முட்டிகள் விலாவை விட்டு அகன்று நிற்கின்றனவா? பல்லை நறநறக்கிறதா? நல்ல மாடு நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் அசைபோடும், இது போடுகிறதா? இவை சேர்ந்திருந்தால் என் சந்தேகம் கம்பிதான்.

மாடு தீனியைப் பொறுக்கித் தின்னாது, அள்ளி விழுங்கும். ஆணியோ, டயர் எரித்த சாம்பலில் கிடக்கும் கம்பித் துண்டோ உள்ளே போய், நான்கு அறை உள்ள வயிற்றின் இரண்டாவது அறையில் தங்கிக் குத்தும். அதற்கு முன்னால், சில விரற்கடை தூரத்தில், இதயம் இருக்கிறது. இறங்கும்போது வயிற்றின் பாரம் முழுவதும் முன்னே சரிந்து கம்பியை அழுத்துகிறது. ஏறும்போது பின்னே சாய்வதால் வலி குறைகிறது. சமவெளி மாட்டில் இதைக் கண்டுபிடிக்கச் சரிவைத் தேடிப் போக வேண்டும். உங்களுக்கு மலையே காட்டிக்கொடுக்கிறது.

கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டை இரு கையாலும் அழுத்திக் கிள்ளுங்கள். நலமான மாடு முதுகைக் கீழே வளைத்து நழுவும். வலியுள்ள மாடு வளைக்காமல் விறைத்து முனகும்.

ஒரு விலக்கு உண்டு. குளம்புப் புண் உள்ள மாடும் இறங்கத் தயங்கும். ஆனால் அது சமதளத்திலும், குறிப்பாகச் சரளைக் கல்லில், நொண்டும்; ஒரு காலை மாற்றி மாற்றித் தூக்கும்; கொட்டகையில் படுத்துவிட்டால் நிம்மதியாக அசைபோடும். ஆகவே முதலில் நான்கு குளம்பையும் கழுவி, இடுக்கில் விரல் விட்டு, நாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். குளம்பு சுத்தமாக இருந்தால் மறுபடியும் கம்பிக்கே வாருங்கள்.

‘சாது’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. சந்தை இரைச்சலில் காதைத் தொங்கவிட்டு மரம்போல் நிற்கும் மாடு பெரும்பாலும் நோயாளி. நலமான மாட்டின் காது சத்தம் வந்த பக்கமெல்லாம் திரும்பும். தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் நேரத்தில் நீங்கள் மாட்டை நாற்பது அடி நடத்திப் பார்த்திருக்க வேண்டும். கறக்காமல் விட்டு வீங்க வைத்த மடியையும் அங்கேயே கறந்து பார்த்திருக்கலாம். காப்பீட்டுக்குக் காதில் வில்லை குத்தி, ‘நலம்’ என்று சான்றிதழும் கொடுத்திருப்பார்கள். எங்கள் துறையில் காது வில்லையின் எண்ணைப் பார்க்கிற அக்கறையோடு காதைப் பார்ப்பவர் குறைவு.

இன்றே 1962-க்கு அழையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. மருத்துவர் வந்தால், “இறக்கத்தில் முனகுகிறது” என்பதை முதலில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அஜீரணம் என்று பொடி எழுதிவிட்டுப் போய்விடுவார். காலத்தோடு பார்த்தால் காந்தம் விழுங்க வைத்து, ஊசி மருந்தோடு பல மாடுகள் தேறிவிடும். அதுவரை மேய்ச்சலுக்கு விடாமல், முன்னங்கால்கள் மேட்டில் நிற்கும்படி கொட்டகையில் மண் கொட்டிக் கட்டுங்கள். கழுத்துக்குக் கீழே, தாடியில் நீர் கோத்து வீங்கியிருந்தால் நாளை வரை காத்திருக்காதீர்கள்.