மாதிரியும் மருந்தும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெருந்தொற்று வந்தால் கிருமி மாதிரிகளையும் மருந்தையும் நாடுகள் பகிர்ந்துகொள்வதற்காக உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் உருவாகிவரும் பெருந்தொற்று ஒப்பந்தம் குறித்துத் தாங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். நான் அரசு மருத்துவமனையில் ஆய்வக நுட்புனராக முப்பது ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன். தொண்டைச் சளி மாதிரிகளைப் பொதிந்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கிண்டி கிங் நிலையத்துக்கு எத்தனையோ முறை அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெட்டிகள் பிறகு எங்கெங்கு போயின, அவற்றிலிருந்து யார் என்ன செய்தார்கள் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியவந்ததில்லை.

கொரோனா காலத்தில் ஒவ்வொரு நாடும் தன் வாசலை அடைத்துக்கொண்டு, கிடைத்த தடுப்பூசியைத் தானே பதுக்கிக்கொண்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்படியிருக்க, உலக நாடுகள் கூடிக் கையெழுத்திடும் காகிதத்துக்கு என்ன மதிப்பு? நாளை நம் மாவட்டத்தில் ஒரு புதிய கிருமி தென்பட்டால், அதை உடனே உலகத்துக்குக் கொடுத்துவிடு என்கிறார்கள். கொடுத்தால், அதிலிருந்து செய்த மருந்தை நமக்கே விலைக்கு விற்பார்கள். நாம் ஏன் கொடுக்க வேண்டும்? இன்னொன்று, இந்த ஒப்பந்தம் வந்தால் ஊரடங்கைக்கூட ஜெனீவாவிலுள்ள உலக சுகாதார நிறுவனம்தான் உத்தரவிடும் என்று ஒரு செய்தி வாட்ஸாப்பில் சுற்றுகிறது. அது உண்மையா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட கேள்வியை ஒரு நாடு அரசாங்க அளவிலேயே கேட்டு, பதில் வரும்வரை மாதிரிகளை அனுப்ப மறுத்திருக்கிறது. உங்கள் ஐஸ் பெட்டியிலிருந்து அந்தக் கதைக்கு நேர்வழி இருப்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

1952 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் ஒரு சளிக்காய்ச்சல் கண்காணிப்பு வலை இயங்கிவருகிறது. நாடுகளின் ஆய்வகங்கள் தங்களிடம் வரும் வைரஸ் மாதிரிகளை லண்டன், அட்லாண்டா, மெல்போர்ன், டோக்கியோ போன்ற சில மையங்களுக்கு அனுப்பும். அந்த மையங்கள் அவற்றை ஆராய்ந்து, வரும் பருவத்துக்கான தடுப்பூசியில் எந்த எந்த வகைகள் இடம்பெற வேண்டும் என்று ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கும். மருந்து நிறுவனங்கள் அதன்படி தயாரித்து விற்கும். அரை நூற்றாண்டுக் காலம் இந்த ஏற்பாட்டில் மாதிரி இலவசமாகப் போயிற்று, மருந்து விலைக்கு வந்தது. சாதாரணச் சளிக்காய்ச்சல் என்பதால் யாரும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை.

2006-இல் எச்5என்1 பறவைக் காய்ச்சலால் மனிதர்கள் மிக அதிகமாக இறந்த நாடு இந்தோனேசியா. அந்நாடு அனுப்பிய மாதிரியிலிருந்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி உருவாக்கிவருவது அவ்வாண்டின் இறுதியில் ஜகார்த்தாவுக்குத் தெரியவந்தது. தன் மக்களின் உடலிலிருந்து எடுத்த கிருமியைக் கொண்டு செய்யப்படும் தடுப்பூசி, பெருந்தொற்று வந்தால் தன் மக்களுக்குக் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் அந்நாட்டிடம் இல்லை. அப்போதைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி, இனி மாதிரி அனுப்புவதில்லை என்று நிறுத்திவிட்டார். பணக்கார நாடுகளின் வல்லுநர்கள் பலர் இதை உலகத்தைப் பணயமாக வைக்கும் செயல் என்று கண்டித்தார்கள். மாதிரிகளை வைத்து உயிரியல் ஆயுதம் செய்யக்கூடும் என்றெல்லாம் அமைச்சர் பிற்பாடு பேசியது அவருடைய வாதத்தைப் பலவீனப்படுத்தவே செய்தது. அதற்கு ஆதாரம் எதுவும் அவர் காட்டவில்லை. ஆனால் அந்தப் பேச்சைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் கணக்கு நேரான கணக்கு. கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் இடையில் எழுதப்பட்ட கடமை ஒரு பக்கம் மட்டுமே இருந்தது.

அந்த வாதத்தை உலகம் புரிந்துகொள்ள 2009 உதவியது. பன்றிக் காய்ச்சல் என்று நாம் அழைத்த எச்1என்1 பரவியபோது, வரவிருந்த தடுப்பூசியின் பெரும்பகுதியைப் பணக்கார நாடுகள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வாங்கிவைத்திருந்தன. நன்கொடையாகத் திரட்டப்பட்டவற்றிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 77 நாடுகளுக்கு 7.8 கோடி டோஸ்களைக் கொண்டுசேர்த்தது உண்மைதான். ஆனால் அவற்றின் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தபோது தொற்று தணியத் தொடங்கிவிட்டது. பந்தி முடிந்தபின் இலை போட்டதைப் போன்ற உதவி அது.

நான்காண்டு பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2011 மே மாதத்தில், பெருந்தொற்றுச் சளிக்காய்ச்சலுக்கான ஏற்பாடு ஒன்றை, உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது. கவிதைபோல் எழுதப்பட்ட தீர்மானங்களுக்கு நடுவே இது ஓர் ஒப்பந்தப் பத்திரம் போல் இருப்பதுதான் இதன் சிறப்பு. நாடுகள் மாதிரிகளை வலையமைப்புக்குத் தர வேண்டும். அவற்றைப் பயன்படுத்தும் தடுப்பூசி நிறுவனம், பெருந்தொற்று வரும்போது தான் தயாரித்துக்கொண்டிருக்கும் தடுப்பூசியில் ஒரு பங்கை நன்கொடையாகவோ எளிய விலையிலோ உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்குவதாக முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும். இதைத் தவிர, இந்த வலையமைப்பால் பயன்பெறும் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுதோறும் 2.8 கோடி டாலர் கட்டுகின்றன. நோய் வருவதற்கு முன்பே, யாருக்கும் அவசரம் இல்லாத நேரத்தில், யார் எவ்வளவு தருவது என்று பேசி முடித்துவிடுவது இதன் அடிப்படை. நோய் வந்தபின் பெருந்தன்மையை எதிர்பார்த்து நிற்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் இதுவே. பதுக்கும் குணம் மாறும் என்று நம்பி யாரும் இந்தக் காகிதத்தை எழுதவில்லை. பதுக்கல் தொடங்குவதற்கு முன்பே ஒரு பங்கைப் பிரித்துவைப்பதற்காக எழுதினார்கள்.

ஆனால் அந்தப் பத்திரம் சளிக்காய்ச்சலுக்கு மட்டுமே செல்லும். 2020-இல் வந்தது கொரோனா. ஆகவே எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஏழை நாடுகளுக்காக அவசரமாக அமைக்கப்பட்ட கோவாக்ஸ் திட்டம் 2021 முடிவதற்குள் 200 கோடி டோஸ்கள் கொடுப்பதாகச் சொன்னது. 100 கோடியாவது டோஸைக் கொடுத்தபோது 2022 ஜனவரி ஆகிவிட்டது. இதில் நம்முடைய பங்கையும் சொல்லியாக வேண்டும். கோவாக்ஸ் மிகவும் நம்பியிருந்தது புனேயின் சீரம் நிறுவனத்தை. இரண்டாம் அலை எழுந்த 2021 மார்ச்சில் ஏற்றுமதி நின்றது, நவம்பரில்தான் கோவாக்ஸுக்கு மீண்டும் அனுப்பத் தொடங்கினோம். நம் மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நேரத்தில் வேறு எந்த அரசும் இதையேதான் செய்திருக்கும். ஆயினும் தடுப்பூசிக்காகக் காத்திருந்த ஆப்பிரிக்க நாட்டு மருத்துவப் பணியாளரின் கண்ணில், அந்த மாதங்களில், வாசலை அடைத்த நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. ‘அவர்கள் பதுக்கினார்கள்’ என்று நாம் எழுதும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். அதே இந்தியாதான் தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்து, கொரோனா மருந்துகளுக்கான காப்புரிமையைத் தற்காலிகமாக விலக்கக் கோரி 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பில் மனு கொடுத்தது. அதற்கு 2022 ஜூனில் கிடைத்த விடை, தடுப்பூசிக்கு மட்டும் பொருந்தும் மெலிந்த ஒரு தளர்வு.

இனி, கொடுக்காமல் நிறுத்திவைத்தால் என்ன என்ற உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். இந்தோனேசியாவின் கையில் இருந்தது வைரஸ் மாதிரி அடங்கிய ஒரு குப்பி. குப்பி கைமாறாமல் தடுப்பூசி இல்லை என்ற நிலை இருந்ததால் அதற்குப் பேரம் பேசும் வலு இருந்தது. இன்று நிலைமை வேறு. ஷாங்காயைச் சேர்ந்த சாங் யோங்சென்னின் குழு, புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசையை, அதாவது அதன் மரபுக் குறியீட்டை எழுத்துகளாக எழுதிய பட்டியலை, 2020 ஜனவரி 11 அன்று இணையத்தில் பொதுவெளியில் வைத்தது. இரண்டே நாளில், ஜனவரி 13 அன்று, அமெரிக்க மருந்து நிறுவனமான மாடர்னா தன் தடுப்பூசிக்கான வரிசையை முடிவு செய்துவிட்டது. ஒரு குப்பிகூடக் கடல் கடக்க வேண்டியிருக்கவில்லை. முப்பதாயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு கோப்பு போதுமானதாக இருந்தது. ஐஸ் பெட்டியை யார் அனுப்பினார்கள் என்பதற்கு ஒரு பதிவேடு இருக்கும். இணையத்திலிருந்து அந்தக் கோப்பை யார் இறக்கிக்கொண்டார்கள் என்பதற்கு எதுவும் இல்லாமல் போகலாம்.

இந்த ஓட்டையை முன்பே பார்த்தவர்களும் இருந்தார்கள். இந்தோனேசியப் பிணக்கின் சூட்டிலேயே 2008-இல் ஜிஸ்எய்ட் என்ற தரவுக் களஞ்சியம் தொடங்கப்பட்டது. தன் பெயரைப் பதிந்துகொண்டவர் மட்டுமே தரவை எடுக்கலாம், தந்த ஆய்வகத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். கொரோனா காலத்தில் கோடிக்கணக்கான வரிசைகள் அங்குதான் குவிந்தன. அதன் நிர்வாகம் குறித்துப் பின்னாளில் புகார்கள் எழுந்தன என்றாலும், சிறிய நாட்டு ஆய்வகங்கள் தயக்கமின்றித் தரவைத் தர அந்த நிபந்தனைகள் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். உங்களைப் போன்றோர் முப்பதாண்டுகள் பெயரின்றிச் செய்த வேலைக்கு அங்கே குறைந்தபட்சம் ஒரு பெயர்வரி உண்டு.

பணத்தைவிட, மருந்தைவிட, எனக்குப் பெரிதாகப்படும் தடை ஒன்று இருக்கிறது. முதலில் சொன்னவனைத் தண்டிக்கும் வழக்கம். சாங்கின் ஆய்வகம் வரிசையை வெளியிட்ட மறுநாளே ‘சீரமைப்பு’ என்ற பெயரில் மூடப்பட்டது. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க அறிவியலாளர்கள், பின்னர் ஓமிக்ரான் என்று பெயர்பெற்ற உருமாற்றத்தைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார்கள். ஓரிரு நாளுக்குள் பிரிட்டன் தொடங்கி ஒவ்வொரு நாடாக அவர்களுடைய விமானங்களைத் தடுத்தது. அவர்கள் அறிவிப்பதற்கு முன்பே எடுக்கப்பட்ட மாதிரிகளில் அதே உருமாற்றம் நெதர்லாந்தில் இருந்தது பிறகு தெரிந்தது. நாமும் இதைப் பட்டிருக்கிறோம். 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்ற செய்தி பரவியதும், வளைகுடா நாடுகள் உட்படப் பல நாடுகள் இந்தியாவுக்கான விமானங்களை நிறுத்தின, நம் சரக்குகளைத் திருப்பின. இறந்தவர்கள் நூறைத் தொடவில்லை. இழப்போ நூறு கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. அப்படி ஓர் அடி வாங்கிய எந்த அரசாங்கத்தின் நிதித்துறையும் அடுத்த முறை சுகாதாரத்துறையின் காதில் ‘சற்றுப் பொறு’ என்றுதான் ஓதும். 2003-இன் சார்ஸ் தொற்றுக்குப் பின் திருத்தப்பட்ட பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகள், ஆபத்து என்று கணித்த 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்கின்றன. பிற நாடுகள் தேவைக்கு மீறிப் போக்குவரத்தை முடக்கக் கூடாது என்றும் அதே விதிமுறைகள் சொல்கின்றன. முன்னதை மீறுபவனை உலகமே திட்டும். பின்னதை மீறுபவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

வாட்ஸாப் செய்தியை விரைவாக முடித்துவிடலாம். அது பொய். ஊரடங்கு, கட்டாயத் தடுப்பூசி, பயணத் தடை ஆகியவற்றை விதிக்கும் அதிகாரத்தை இந்த ஒப்பந்தம் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தரவில்லை என்று ஒப்பந்த வாசகமே வெளிப்படையாகச் சொல்கிறது. 2025 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவையின் குழுவில் ஒப்பந்தத்தின் மீது நடந்த வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து ஒன்றுமில்லை, 11 நாடுகள் விலகி நின்றன. அமெரிக்கா அவ்வாண்டு ஜனவரியிலேயே அந்நிறுவனத்திலிருந்து வெளியேறப்போவதாக அறிவித்துவிட்டதால் மேசைக்கே வரவில்லை. ஒப்பந்தத்தின் குறை அதிகாரம் மிகுந்திருப்பதில் இல்லை. அதிகாரம் போதாமல் இருப்பதில்தான் எனக்குக் கவலை.

வல்லரசுகள் ஒத்துழைக்காது, ஆகவே எதுவும் நடக்காது என்று எண்ணத் தோன்றலாம். அதற்கும் இன்னொரு பக்கம் உண்டு. பெரியம்மையை ஒழிக்கலாம் என்ற யோசனையை 1958-இல் அமெரிக்க நகரமான மினியாபொலிஸில் கூடிய பேரவையில் முன்வைத்தவர் சோவியத் ஒன்றியத்தின் விக்டர் ஸ்தானோவ். பனிப்போரின் உச்சத்தில் சோவியத் நாடு தடுப்பூசியை அள்ளிக் கொடுத்தது, அமெரிக்கரான டி. ஏ. ஹெண்டர்சன் திட்டத்தை நடத்தினார். அம்மைத் தடுப்பூசி போடப் பயன்பட்ட, கிளைத்த முனை கொண்ட ஊசியின் உரிமை வைத்திருந்த வையத் நிறுவனம் அதற்கான உரிமத் தொகையை விட்டுக்கொடுத்தது. ஒருவரையொருவர் நம்பியதால் அவர்கள் சேர்ந்து வேலை செய்யவில்லை. இருவருக்கும் அதில் லாபம் இருந்தது, ஒவ்வொருவரும் தர வேண்டியதும் தெளிவாக இருந்தது.

புதிய ஒப்பந்தத்தின் உயிர்நிலையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கிருமியையும் அதன் தரவையும் பெற்றுக்கொள்ளும் நிறுவனங்கள், பெருந்தொற்றுக் காலத்தில் தங்கள் உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு விரைந்து தர வேண்டும், அதில் குறைந்தது பாதி நன்கொடையாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதை ஒரு தனி இணைப்பில் பேசிக்கொள்வதாக ஒத்திவைத்துவிட்டுத்தான் 2025-இல் கைதட்டிக் கலைந்தார்கள். அந்த இணைப்பு நிறைவேறிய பிறகே ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறக்கப்படும், 60 நாடுகள் உறுதிசெய்த பிறகே நடைமுறைக்கு வரும்.

எனவே நம் மாவட்டத்தில் ஒரு கிருமி தென்பட்டால் கொடுக்க வேண்டும் என்பதே என் பதில். மறைத்துவைத்த நாட்களில் முதலில் சாகப்போவது நம் மக்கள், நோயாளியின் அருகில் நிற்கும் உங்களைப் போன்ற பணியாளர்களும் சேர்த்து. ஆனால் அதற்கான ரசீது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். இணைப்பின் வாசகத்தில் நான் தேடிப் படிக்கும் இடங்கள் இரண்டு. குப்பியைப் பெறுபவனுக்கு உள்ள கடமை, மரபணு வரிசைக் கோப்பை இறக்கிக்கொள்பவனுக்கும் உண்டா? அந்த 20 சதவீதம் நிறுவனத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக இருக்கிறதா, விருப்பமிருந்தால் சேரலாம் என்ற அழைப்பாக இருக்கிறதா? நீங்களும் அவ்விரண்டு பத்திகளைப் படித்துப் பாருங்கள். மாதிரி அனுப்பியவரின் கண்ணுக்குத் தெரிவது எனக்குத் தெரியாமல் போகக்கூடும். என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.

அன்புடன்.