மூலக்கல மாற்றும் மருந்தாளரும்: பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

மூலக்கல மாற்று, அதாவது என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெறும் பிள்ளைகளின் மருந்துகளைக் கவனிக்கும் கொழும்பு மருந்தாளர் ஒருவர் அளித்த பதில்கள்.

வைத்தியர் எழுதுகிறார், தாதி கொடுக்கிறார். இடையில் மருந்தாளருக்கு என்ன வேலை? (தலசீமியா உள்ள மகனின் தாய், வெள்ளவத்தை)

பெரும்பாலும் கணக்குப் பார்க்கும் வேலைதான், அம்மா. கொடையாளியின் கலங்களை ஏற்றுமுன் பிள்ளையின் பழைய மச்சையை அழிக்கக் கொடுக்கும் புசல்ஃபான் என்ற மருந்து, ஒரே நிறையுள்ள இரு பிள்ளைகளின் உடலிலிருந்தும் ஒரே வேகத்தில் வெளியேறுவதில்லை. அது கூடினால் ஈரலின் நுண்ணிய நாளங்கள் அடைபடலாம். குறைந்தால் புதிய கலங்கள் நிலைகொள்ளாமல் போகலாம். ஆகவே முதல் வேளைக்குப் பின் குறித்த நேரங்களில் குருதி எடுத்துச் செறிவை அளந்து, அடுத்த வேளைகளைத் திருத்துகிறோம். அந்நாட்களில் பரசிட்டமோலைக்கூடத் தவிர்க்கிறோம், ஏனெனில் அது புசல்ஃபானை அகற்ற ஈரலுக்குத் தேவையான குளுட்டதயோன் என்ற பொருளைக் குறைத்துவிடும்.

கிளினிக் நாளில் சைக்ளோஸ்போரினைக் கொடுக்காமல் வரச் சொல்வது ஏன்? (தந்தை, கொட்டாஞ்சேனை)

சைக்ளோஸ்போரின், மாற்றுக்குப் பின் நோயெதிர்ப்பை அடக்கி வைக்கும் மருந்து. நாங்கள் பார்ப்பது அடுத்த வேளைக்குச் சற்று முன்பு குருதியில் எஞ்சியிருக்கும் அதன் அளவை. காலையில் கொடுத்துவிட்டு வந்தால் எண் பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால், கொடையாளியின் கலங்கள் பிள்ளையின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்க இடம் கிடைத்துவிடும். மறந்து கொடுத்துவிட்டால் மறைக்காமல் நேரத்தைச் சொல்லுங்கள், யாரும் ஏசமாட்டார்கள். பூஞ்சைத் தொற்றுக்கு வொரிகொனசோல் தொடங்கினால் சைக்ளோஸ்போரினின் அளவு ஏறும் என்பதால் பெரும்பாலும் பாதியாகக் குறைப்போம். ஆனால் வொரிகொனசோலை நிறுத்தும் நாளில் அதே கணக்கை மறுபக்கமாகப் போட வேண்டும் என்பதுதான் எளிதில் தவறிப்போகிறது. என் குறிப்பேட்டில் அந்தத் திகதியைச் சிவப்பு மையால் எழுதி வைக்கிறேன். இன்னொன்று, வெக்கைக்குப் பயந்து சைக்ளோஸ்போரின் பாணியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், குளிரில் அது உறைந்து கட்டிப்படலாம். மருந்தகத்தில் வேறு பெயருள்ள போத்தலைத் தந்தால், எங்களிடம் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

சைக்ளோஸ்போரினை நாளத்துக்குள் ஏற்றிய குழாயிலேயே குருதி எடுக்கலாமா? (விடுதித் தாதி)

கூடாது. மருந்து குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் எண் உயர்ந்தே வரும். இரட்டைக் குழாயென்றால் மற்றதில் எடுங்கள்.

கொத்தமல்லியும் ஜம்போலாவும் கொடுக்கலாமா? (பாட்டி, மருதானை)

ஜம்போலா (பம்பளிமாஸ்) வேண்டாம், அம்மா. அதன் சாறும் கிரேப்ஃப்ரூட் சாறும் சைக்ளோஸ்போரின் குருதியில் கூடுதலாகச் சேர வழிசெய்கின்றன. நாட்டு மருந்துப் பொடிகளில் பூஞ்சை வித்திகள் இருக்கக்கூடும் என்பதால் அவையும் வேண்டாம். கொத்தமல்லி அவித்த தண்ணீரைவிட, காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்ப்போம் என்று காத்திருப்பதையே நான் அஞ்சுகிறேன். எந்த நேரமானாலும் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள்.

தயோடெப்பா ஏற்றும் நாட்களில் மகளை ஒரே நாளில் பலமுறை குளிக்கவைத்தார்களே, ஏன்? (தாய், தெகிவளை)

தயோடெப்பாவும் பழைய மச்சையை அழிக்கக் கொடுக்கும் மருந்துதான். அது வியர்வையோடு தோலுக்கு வந்து எரித்துவிடும். அதனால்தான் அடிக்கடி கழுவுகிறோம், உடையையும் படுக்கை விரிப்பையும் மாற்றுகிறோம், கிறீம் பூசவோ பிளாஸ்டர் ஒட்டவோ விடுவதில்லை. குளிப்பாட்டுபவர் கையுறை அணிந்திருக்க வேண்டும். அது நீங்களாயிருந்தாலும் கேட்டு வாங்குங்கள்.