மேற்படிப்பு எண்ணம் உண்டா என்று கேட்டால்

தம்பி, உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து, இப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம். டெக்னிக்கல் ரவுண்டைத் தாண்டிவிட்டீர்கள். ஹெச்.ஆர். ரவுண்டில் 'மேற்படிப்பு எண்ணம் உண்டா?' என்று கேட்டதற்கு 'எஸ் சார், ஐ வில் டூ எம்.இ.' என்றீர்கள். வேலை கைவிட்டுப் போனது இதனால்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் மனதில் இருந்தது ஒன்று, அவர் காதில் விழுந்தது வேறொன்று. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததை, கட்டாயம் படிப்பேன் என்று சொல்லிவிட்டீர்கள்.

இதையே அம்மா கேட்டிருந்தால்? முடிவாகாதபோது 'படிக்கலாம்னு இருக்கேன்' என்பீர்கள். முடிவெடுத்துவிட்டால் 'படிக்கப் போறேன்'. சீட் கிடைத்து நாளும் தெரிந்துவிட்டால் 'திங்கட்கிழமை சேர்றேன்'. இந்த மூன்று படியும் ஆங்கிலத்தில் அப்படியே இருக்கின்றன. 'ஐ ஆம் திங்கிங் ஆஃப் டூயிங் எம்.இ.', 'ஐ ஆம் கோயிங் டு டூ எம்.இ.', 'ஐ ஆம் ஜாயினிங் ஆன் மண்டே'. 'படிக்கப் போறேன்' என்னும்போது நாம் எங்கேயும் நடந்து போவதில்லை. 'கோயிங் டு'விலும் அப்படித்தான். இரண்டு மொழியும் 'போ' என்ற வினையைத்தான் இதற்கு எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் இந்த வழக்கம் 15-ம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கியது. எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது. ஆங்கிலம் வராது என்று எழுதியிருந்தீர்களே, பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அப்போ 'வில்' எதற்கு? அந்த நிமிஷம் தோன்றுவதற்கும், வாக்குக் கொடுப்பதற்கும். சான்றிதழ்களை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டால் 'ஐ வில் சென்ட் தெம் டுநைட்' என்பதுதான் சரி.

'திங்கிங் ஆஃப்', 'பிளானிங் ஆன்' வந்தால் அடுத்த வினைக்கு 'இங்' சேரும்; 'பிளானிங் டு' என்றால் 'டூ', 'ஜாயின்' என்று வெறும் வினை. 'ஐ ஆம் ஹேவிங் ஐடியா டு டூ' என்று நம் பிள்ளைகள் நிறையப் பேர் சொல்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள். ஈமெயில் முடிவில் மட்டும் கவனம்: 'லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ'. அங்கே 'டு' இருந்தும் 'ஹியரிங்' என்றுதான் வரும்.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் திணறுகிறார்கள். நினைத்தது நடக்காமல் போனதை எப்படிச் சொல்வது? நாம் 'எழுதணும்னுதான் இருந்தேன்' என்று இழுப்போம். எம்.இ. சேர எழுதும் 'கேட்' (GATE) நுழைவுத் தேர்வைப் பற்றி என்றால், ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் கோயிங் டு ரைட் கேட் லாஸ்ட் இயர்'. இப்படி ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் ஒரு 'பட்'டுக்காகக் காத்திருப்பார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் தள்ளிப்போட்டதாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? 'பட் மை ஃபாதர் வாஸ் இல், ஸோ ஐ புட் இட் ஆஃப்'. அவ்வளவு போதும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சரி, அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். 'ஐ ஆம் திங்கிங் ஆஃப் டூயிங் எம்.இ. லேட்டர் ஆன். ரைட் நவ், ஐ வான்ட் டு ஒர்க்.' மனதில் இருப்பது இதுதான் என்றால் இப்படியே சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. அடுத்த வருஷமே சேருவது என்று நிஜமாகவே முடிவெடுத்திருந்தால் 'கோயிங் டு'தான் சரி, அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

தினமும் ராத்திரி, நாளைக்குச் செய்யப்போகும் நாலு காரியத்தை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'போறேன்' என்றீர்களா, 'லாம்னு இருக்கேன்' என்றீர்களா என்று கவனித்துவிட்டு, அப்புறம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அடுத்த ரவுண்டு 12-ம் தேதி என்று எழுதியிருந்தீர்கள். 10-ம் தேதி சாயங்காலம் போன் செய்யுங்கள், அந்தக் கேள்வியை நானே கேட்கிறேன்.