‘அரட்டை மாலை’ என்று அழைப்பிதழில் போடலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பெண்கள் மாதம் ஒரு சாயங்காலம் கூடிப் பேசுகிறோம். ‘அரட்டை மாலை’ என்று பெயர் வைத்து அழைப்பிதழ் அடிக்க இருந்தோம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், “அரட்டை என்றால் மிரட்டல், மரியாதையான இடத்துக்கு ஆகாது, ‘அளவளாவல்’ என்று மாற்றுங்கள்” என்கிறார். இன்னொருவர், “அது ‘அரற்று’ என்பதிலிருந்து வந்த அழுகைச் சொல்” என்கிறார். கைபேசியில் அரட்டை என்ற பெயரில் செயலியே இருக்கிறதே! எதை வைக்கலாம்?

பதில்: ‘அரட்டை மாலை’ என்றே வையுங்கள். ஆசிரியர் சொன்ன வேர் சரிதான். ஆனால் அதை வைத்து இன்றைக்கு அந்தச் சொல் ஆகாது என்று சொல்வது சரியில்லை.

முதலில் வேரைப் பார்ப்போம். ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்கிறோமே, அந்த ‘அரண்டவன்’ அரள் என்ற வினையிலிருந்து வந்தவன். மிரள், மிரண்டான், மிரட்டு என்று வருவதைப் போலவே அரள், அரண்டான், அரட்டு என்று வரும். தான் பயந்தால் அரள்வது, பிறரைப் பயப்பட வைத்தால் அரட்டுவது. “அரட்டி உருட்டி வேலை வாங்குதான்” என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் இந்த வினை உயிரோடு இருக்கிறது. கொடு என்பதிலிருந்து கொடை, கொள் என்பதிலிருந்து கொள்ளை வந்த மாதிரி, அரட்டு என்பதோடு ஐ சேர்ந்தால் அரட்டை. சத்தம் போட்டு மிரட்டுகிற வாய், வெறுமனே சத்தமாகப் பேசுகிற வாயாகி, கடைசியில் வேலையில்லாத பேச்சாக இறங்கியிருக்கிறது. இது நம்ப முடியாத இறக்கமில்லை. கூடவே நிற்கிற ‘உருட்டு’ என்ற சொல்லைப் பாருங்கள். உருட்டி மிரட்டுவது என்று இருந்ததை இன்றைய பிள்ளைகள் “சும்மா உருட்டாதல” என்று கதை விடுவதற்குச் சொல்கிறார்கள். மிரட்டலிலிருந்து பேச்சுக்கு வருகிற அதே வழிதான்.

‘அரற்று’ என்பது பழைய, அழகான சொல். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் ‘துஞ்சல், அரற்று, கனவு’ என்று வரிசையாக வருகிறது. புலம்புதல் என்பது அதன் பொருள். அதிலிருந்து அரட்டை வந்ததாகச் சொல்ல ஒலி இடம் தராது. நம் பேச்சில் ற்ற என்பது த்த ஆகும்: காற்று காத்து, நேற்று நேத்து, ஆற்றில் ஆத்துல. அந்தக் கணக்கில் அரற்று ‘அரத்து’ ஆக வேண்டும், ‘அரட்டு’ ஆகாது. தெலுங்கில்தான் ற்ற வருமிடத்தில் ட்ட வரும். நம் சுற்று அங்கே ‘சுட்டு’, நம் புற்று அங்கே ‘புட்ட’. ஒரு மொழியின் ஒலிக்கணக்கை இன்னொரு மொழியின் மேல் ஏற்றினால் இந்த மாதிரிப் பிசகு வரும். கன்னடத்தில் ‘ஹரட்டெ’ என்ற சொல்லும் வம்புப் பேச்சுதான். ஆனால் பால் அங்கே ‘ஹாலு’, புலி ‘ஹுலி’ என்று நம் பகரம் ஹகரமாகிறது. அப்படிப் பார்த்தால் ‘ஹரட்டெ’க்கு நேரான தமிழ்ச் சொல் பகரத்தில் தொடங்க வேண்டும். பொருள் ஒத்துப்போகிறது என்பதற்காக இரண்டும் ஒரே சொல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன மொழிகளை இப்படி ஒலிக்கு ஒலி நிறுத்திப் பார்க்கும் முறையை 1856-இல் நூலாக்கிய கால்டுவெல், நம் இடையன்குடியில் இருந்தவர்.

வேர் எதுவானாலும் இன்றைய மதிப்பை வழக்குதான் தீர்மானிக்கும். ‘வம்பு’ என்ற சொல்லே இதற்குச் சாட்சி. தொல்காப்பியம் ‘வம்பு நிலையின்மை’ என்கிறது. குறுந்தொகையில் வருகிற ‘வம்ப மாரி’ பருவம் தப்பி வந்த மழை. அந்தச் சொல்லை வைத்துத்தான் இன்று வம்பளக்கிறோம், வம்புக்கு இழுக்கிறோம். நிலையின்மை என்ற பழம்பொருளைக் காட்டி யாரும் இந்த வழக்கைத் தடுப்பதில்லை.

அரட்டையில் கவனிக்க வேண்டியது, யார் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பதுதான். “நேத்து ராத்திரி வரைக்கும் அரட்டை அடிச்சோம்” என்றால் அதில் சந்தோஷம் இருக்கிறது. “சோலி இல்லாம அரட்டை அடிச்சிக்கிட்டு கெடக்கான்” என்றால் ஏச்சு. “என்னவே, காலையிலேயே அரட்டையா?” என்று டீக்கடையில் சேக்காளி கேட்டால் உறவு, அதையே அலுவலகத்தில் மேலாளர் கேட்டால் கண்டிப்பு. தன்மைப் பன்மையில் இனிக்கிற சொல், படர்க்கையில் கசக்கும். உங்கள் அழைப்பிதழில் கூப்பிடுகிறவர்களும் பேசப்போகிறவர்களும் நீங்களேதான். அதனால் குற்றமில்லை. வெளியூரிலிருந்து ஒரு சிறப்பு விருந்தினர் வந்து பேசினால் மட்டும், அவர் பேச்சை அரட்டை என்று அச்சிட வேண்டாம். அதற்கு ‘உரையாடல்’ என்றோ ‘சந்திப்பு’ என்றோ தனி வரி போடுங்கள்.

சொல்லுக்கு மேடை மதிப்பும் வந்துவிட்டது. விசு நடத்திய ‘அரட்டை அரங்கம்’ தொலைக்காட்சியில் வந்தபோது தமிழ்நாடு முழுக்கக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தது. ஜோஹோ நிறுவனத்தின் அரட்டை செயலி 2021-இல் வந்தது, 2025-இல் நாடெங்கும் பேசப்பட்டது. தமிழ் தெரியாதவர்களும் வாயில் போட்டுப் பார்க்கிற சொல்லாக அது ஆனது. அந்த நிறுவனத்துக்கு மத்தளம்பாறையில் அலுவலகம் இருக்கிறது. 2019 வரை நெல்லை மாவட்டமாக இருந்த தென்காசிச் சீமை அது.

ஆசிரியர் சொன்ன ‘அளவளாவல்’ மட்டமான யோசனை இல்லை, அதன் அருமை தெரிந்து வைக்க வேண்டும். அளாவுதல் என்றால் கலத்தல், துழாவுதல். ‘சிறுகை அளாவிய கூழ்’ என்று வள்ளுவர் சொல்வது பிள்ளை கைவிட்டுப் பிசைந்த கூழை. அதே அளாவுதான் அளவளாவிலும் இருக்கிறது, அங்கே கலப்பது மனம். ‘அளவளாவு இல்லாதான் வாழ்க்கை குளவளாக் கோடின்றி நீர்நிறைந் தற்று’ என்பது 523-ஆம் குறள். கோடு என்றால் கரை. கரையில்லாத குளத்தில் தண்ணீர் நிறைந்து என்ன பயன் என்பது, குளத்துப் பாசனத்தில் விளைகிற நம் சீமைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சொல் எழுத்தில்தான் இருக்கிறது. “இன்னைக்கு அளவளாவ வாரியளா?” என்று உங்கள் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள். தலைப்பில் அரட்டையும், அதன் கீழே சிறிய எழுத்தில் அந்தக் குறளும் போட்டால் ஆசிரியர் மனமும் நிறையும்.

‘புறணி’யை மட்டும் விளையாட்டுக்குக் கூடப் பெயரில் சேர்க்காதீர்கள். இல்லாதவரைப் பற்றிய பேச்சு அது. வள்ளுவர் ‘புறங்கூறாமை’ என்று ஓர் அதிகாரமே எழுதி விலக்கியது.

அச்சுக்குக் கொடுக்கும்போது சில இடங்களில் தப்பு வரும். ‘அரட்டை’யில் ட் ஒன்று விட்டுப்போனால் ‘அரடை’ ஆகிவிடும். அரட்டை மாலை என்பதில் ஒற்று மிகாது. க, ச, த, ப தொடர்ந்தால் மிகும்: அரட்டைக் கச்சேரி, அரட்டைச் சங்கம், அரட்டைப் பந்தல். வினையாக எழுதும்போது ‘அரட்டை செய்வோம்’ என்று எழுதாதீர்கள். அரட்டை அடிப்பதுதான் வழக்கு. அழைப்பிதழின் கடைசி வரியை உங்கள் பேச்சிலேயே போடலாம்: “சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரும் வந்துருங்க, அரட்டை அடிப்போம்.”