டீசல் 3 ரூபாய் மலிவு என்பதற்காக எல்லை தாண்டலாமா?

கேள்வி: ஐயா, நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் குடியிருக்கிறேன். சொந்தமாக ஒரு சிறிய டீசல் சரக்கு வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். வாரத்தில் நான்கு நாள் தமிழ்நாட்டுப் பக்கம் கிணத்துக்கடவு சந்தையில் தக்காளி ஏற்றிப் பாலக்காட்டில் இறக்குவேன். மற்ற நாள்களில் உள்ளூர் வாடகை. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும்; லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும். தமிழ்நாட்டில் டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 3 ரூபாய் குறைவு என்பதால், டாங்க் காலியாகும்போதெல்லாம் 10 கிலோமீட்டர் தள்ளி எல்லைக்கு அப்பால் உள்ள பங்க்குக்குப் போய் 30 லிட்டர் நிரப்புகிறேன். கேனிலும் வாங்கி வைக்கலாம் என்கிறான் மகன். இத்தனை செய்தும் மாதக் கடைசியில் கையில் பணம் தங்கவில்லை. தக்காளியைக் குழிகள் நிறைந்த 40 கிலோமீட்டர் குறுக்கு வழியில் கொண்டுவருவதா, 55 கிலோமீட்டர் சுற்றி நல்ல சாலையில் வருவதா என்றும் தெரியவில்லை.

பதில்: முதலில் எல்லைப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். 30 லிட்டருக்கு உங்களுக்கு மிச்சமாவது 90 ரூபாய். போய்வர 20 கிலோமீட்டர். உங்கள் வண்டி அதற்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் குடிக்கும். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தாலும் 120 ரூபாய்க்குக் குறையாது. 90 ரூபாயைப் பிடிக்க 120 ரூபாயைச் செலவழிக்கிறீர்கள். போன நேரமும் திரும்பாது. இதற்கென்று தனியாகப் போவதை இன்றே நிறுத்துங்கள். கிணத்துக்கடவுக்குப் போகும் நாளில் அங்கேயே டாங்கை நிரப்பிக்கொண்டு திரும்புங்கள். மாதம் 200 லிட்டரையும் அப்படியே வாங்கினால் 600 ரூபாய் முழுதாக மிஞ்சும்.

இந்த விலை வித்தியாசம் நாளைக்கே மறைந்துவிடாது. பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைத் தானே போடுகிறது. தமிழ்நாடு டீசலுக்கு 11 சதவீதத்தோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு வாங்குகிறது. கேரளத்தில் 22.76 சதவீத விற்பனை வரி, அதன்மேல் லிட்டருக்கு 1 ரூபாய், 1 சதவீத செஸ், 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்புக்காக இன்னொரு 2 ரூபாய். கொச்சியில் சுத்திகரித்த எண்ணெய் குழாய் வழியாகக் கோவை இருகூருக்கும் கரூருக்கும் போகிறது. தொலைவு கூடியும் அங்கே விலை குறைவாக இருப்பதற்கு இந்த வரிதான் காரணம். ஆந்திர எல்லையில் நகரி, சத்தியவேடு பக்கத்து வாசகர்களுக்கு வித்தியாசம் இன்னும் பெரிது. ஆந்திரத்து வரி கேரளத்தையும் மிஞ்சுகிறது. அவர்களும் போய்வரும் தூரத்தைக் கழித்துவிட்டே லாபத்தை எண்ண வேண்டும்.

உங்கள் பணம் உண்மையில் ஒழுகுவது சாலையில். சரக்கோடு குழிக்குக் குழி பிரேக் பிடித்து, முதல் கியரில் இழுத்து, மறுபடி வேகம் எடுக்கும்போது மைலேஜ் 15-லிருந்து 12-க்கு இறங்குவது சாதாரணம். மாத ஓட்டத்தில் பாதி, அதாவது 1,500 கிலோமீட்டர், அப்படி ஓடினால் 100 லிட்டர் போதுமான இடத்தில் 125 லிட்டர் ஆகும். கூடுதல் செலவு 2,300 ரூபாயைத் தாண்டும். எல்லையில் மிச்சம் பிடிப்பதைப் போல் இது ஏறக்குறைய நான்கு மடங்கு. டயர், ஸ்பிரிங் பட்டை, ஷாக் அப்சார்பர் எதையும் இதில் சேர்க்கவில்லை.

நாளைக் காலையில் முன் டயர்களைக் கையால் தடவிப் பாருங்கள். உள் ஓரம் மட்டும் மொட்டையாகி வெளிப்பக்கம் டயர் பூ தேயாமல் நிற்கிறது என்றால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் நேர்கோடு, போய்விட்டது. புது டயர் வாங்கினாலும் சீக்கிரமே அதே கதிதான். காற்றை வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். காற்று குறைந்தாலும் டீசல் கூடுதலாகப் போகும்.

இனி வழி. டீசலை மட்டும் பார்த்தால் குறுக்கு வழிதான் மலிவு: 40 கிலோமீட்டருக்கு மூன்றேகால் லிட்டர் சொச்சம், 55 கிலோமீட்டருக்கு மூன்றரை லிட்டருக்குச் சற்று மேல். வித்தியாசம் 30 ரூபாய்தான். சுற்று வழியில் டோல் இருந்தால் அதையும் கூட்டுங்கள். ஆனால் நீங்கள் ஏற்றுவது தக்காளி. அடியில் இருக்கும் பெட்டிகள் நசுங்கி, கசிவோடு மண்டியில் இறங்கினால், வியாபாரி கழிக்கும் தொகை உங்கள் வாடகையில்தான் விழும். ஒரு பெட்டி போனாலே அந்த 30 ரூபாய் போய்விடும். ஆகவே காலி வண்டியைக் குறுக்கு வழியில் கொண்டுபோங்கள்; மழை மாதங்களில் சரக்கோடு திரும்பும்போது நல்ல சாலையில் வாருங்கள். குழிகளை அடைத்த பிறகு இரண்டு பக்கமும் குறுக்கு வழியே போதும்.

கேன் விஷயத்தில் மகனிடம் கண்டிப்பாக இருங்கள். குடியிருக்கும் வீட்டில் டீசலைச் சேர்த்து வைப்பது குடும்பத்துக்கே ஆபத்து. ‘எனக்கும் ஐந்து லிட்டர் கொடு’ என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு, நீங்கள் காசு வாங்கிக் கொடுத்தால், அது உரிமம் இல்லாத விற்பனை, வழக்கு வரும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை வண்டியிலேயே போட்டு வையுங்கள். டாங்க் நிரப்பும்போதெல்லாம் தேதி, கிலோமீட்டர், லிட்டர், தொகை என நான்கையும் எழுதுங்கள். ஒரு முறை முழுக்க நிரப்பி, அடுத்த முறை முழுக்க நிரப்பும்வரை ஓடிய தூரத்தை, அந்த இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் வரும். இரண்டு மாதம் இதைச் செய்தால் எந்த வழி உங்களைத் தின்கிறது என்பது நோட்டிலேயே தெரியும்.

கையில் பணம் தங்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன். டயர், இன்ஷூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எல்லாம் ஒரே மாதத்தில் சேர்ந்து வந்தால், அதுவரை லாபம் என்று வீட்டுக்குக் கொடுத்தது கடனாகத் திரும்பி வரும். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் வீதம் மாதம் 4,500 ரூபாயை வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பாகப் போடுங்கள். உங்கள் வாடகையில் இந்த ஒன்றரை ரூபாய்க்கு இடமில்லை என்றால், அந்த வாடகையே குறைவு. மண்டிக்காரரிடம் அடுத்த முறை பேசும்போது நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். டீசல் இத்தனை ரூபாய் ஏறினால் நடைக்கு இத்தனை கூட்டித் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிவிடுங்கள்.