குவளையைத் தள்ளிவிட்டு முகம் பார்க்கும் பூனை

கேள்வி: ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடொன்றின் பதினோராவது மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் பூனைக்கு ஒன்றரை வயது. அலமாரியைத் திறந்தால் எங்களுக்கு முன்பே உள்ளே நுழைந்துவிடுகிறது. மேசைமேல் இருக்கும் குவளையை முன்னங்காலால் தட்டித் தட்டி ஓரத்துக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்கிறது. சாமி படத்துக்குச் சாத்திய பூச்சரத்தையும் இழுத்துப் போடுகிறது. இது குறும்பா, நோயா? எப்படி அடக்குவது?
– வாசகி, பினாங்கு

பதில்: நோயன்று; அடக்கவும் வேண்டியதில்லை. பூனை வேட்டைப் பிராணி என்பதால், வயிறு நிறைந்திருந்தாலும் அசையும் பொருளைத் துரத்தவும், அசையாத பொருளைத் தட்டி அசைத்துப் பார்க்கவும் அதற்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். குவளை விழுந்ததும் நீங்கள் 'ஐயோ' என்று ஓடிவருகிறீர்கள் அல்லவா, அந்த ஓட்டம்தான் அதற்குக் கிடைக்கும் பரிசு. அடுத்த முறை எதுவும் பேசாமல் துடைத்துவிட்டுப் போய்விடுங்கள். கண்ணாடிப் பொருள்களை மேசையில் விட்டுவைக்காதீர்கள். விடியலிலும் அந்தியிலும் பூனைக்குச் சுறுசுறுப்பு மிகுதியாதலால், அவ்வேளைகளில் குச்சியில் கட்டிய இறகைக் காட்டிச் சிறிது நேரம் ஓடவிட்டு, பிறகு உணவு வையுங்கள்.

அலமாரிக்கு மாற்றாக, மளிகைக் கடையில் வேண்டாமென்று போடும் அட்டைப்பெட்டி ஒன்று போதும். நெதர்லாந்தில் 2014-இல் வெளியான ஆய்வொன்றில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுள் ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிட விரைவாக அமைதியடைந்தன.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது பூச்சரம்தான். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கியே வளைந்திருப்பதால், வாயில் சிக்கிய நூலைத் துப்ப முடியாமல் அது விழுங்கிவிடும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டால், நாடாவை இழுத்ததும் பாவாடை சுருங்குவதுபோலக் குடல் சுருங்கி, அறுபடவும் கூடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் ஒருபோதும் இழுக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். சாமிக்கு உதிரிப் பூ போதும், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் லில்லிப் பூ மட்டும் வீட்டுக்குள் வரவே கூடாது. உடம்பில் ஒட்டிய அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பதினோராவது மாடிச் சன்னலுக்கு வெளியே ஒரு மைனா வந்து உட்கார்ந்தால், பூனைக்கு உயரம் நினைவில் இராது. மாடியிலிருந்து விழுந்து நியூயார்க் மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி 1987-இல் வெளிவந்த ஆய்வு, அவற்றுள் ஏறத்தாழ 90 விழுக்காடு பிழைத்ததாகக் கூறுகிறது. விழுந்த இடத்திலேயே இறந்தவற்றை மருத்துவமனைக்கு யார் கொண்டுவந்திருப்பார்கள்? ஆகவே அந்தக் கணக்கை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். சன்னல் கம்பிகளின் இடைவெளியில் பூனை எளிதாக நுழைந்துவிடும் என்பதால், உட்புறம் இரும்புக் கம்பிவலை பொருத்துங்கள். வாடகை வீடாக இருந்தால் ஆணி அடிக்காமல், கேபிள் டை கொண்டு கம்பிகளோடு சேர்த்துக் கட்டிவிடலாம்.