7 மாசம் ஊர்ல இருந்தா அமெரிக்க சிட்டிசன்ஷிப் வாய்ப்பு போயிடுமா?

சகோ, அப்பாவுக்கு பக்கவாதம் வந்து 7 மாசம் மதுரைல இருந்துட்டேன், இப்ப என்-400 (சிட்டிசன்ஷிப் விண்ணப்பம்) போடலாமா, க்ரீன் கார்டு வாங்கின 5 வருஷமும் வீணாப் போச்சான்னு கேட்டிருந்தீங்க. அப்பா இப்ப எழுந்து நடக்குறாரா?

வீணாலாம் போகல. ஒரே ட்ரிப் 6 மாசத்தத் தாண்டி ஒரு வருஷத்துக்குள்ளன்னா நீங்க அமெரிக்காவுல தொடர்ந்து குடியிருந்த தொடர்ச்சி அறுந்துடுச்சுன்னு எடுத்துக்குவாங்க, ஆனா அறுந்து போகலன்னு நீங்க நிரூபிக்கலாம், வேலைய விடல, வாடகை கட்டிட்டே இருந்தேன், குடும்பம் இங்கயே இருந்துச்சு, டாக்ஸ் ஒழுங்கா ஃபைல் பண்ணேன், இப்படி எதெல்லாம் உண்மையோ அதுக்கெல்லாம் பேப்பர் எடுத்து வைங்க. எனக்கு 6 மாசம் 20 நாள், அம்மாவோட ஆபரேஷன். இன்டர்வியூல ஆபீசர் பாஸ்போர்ட்ல சென்னை முத்திரை மேல விரல வச்சு, இந்த மாசமெல்லாம் வாடகை யார் கட்டினதுன்னு தான் முதல்ல கேட்டார், பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் நீட்டினேன், ரெண்டையும் நிதானமா படிச்சார்.

5 வருஷத்துல மொத்தம் 30 மாசமாவது இங்க இருந்திருக்கணும், அதையும் கூட்டிப் பாத்துக்கங்க. பேப்பர் பத்தலன்னா திரும்பி வந்த தேதியிலருந்து 4 வருஷம் 6 மாசம் கழிச்சு போடுங்க. ஊர்ல இருந்த நாள மட்டும் தயவுசெஞ்சு ஃபார்ம்ல குறைச்சு எழுதிடாதீங்க, அது இதவிட பெரிய சிக்கல். போடுறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்ட்ட ஒருதடவ காட்டிடுங்க.